பலகை விலையும் சொளகு விலையும்

மதுரையில் பொழுது இன்னும் விடியவில்லை. மணி நாலே முக்கால். அண்ணாநகர் உழவர் சந்தை வாசலில் வந்து நிற்கிறது ஒரு மினி வேன். அதிலிருந்து முதலில் இறங்குவது ஆள் இல்லை, கூடை. ஈரச் சாக்கு போட்டு மூடிய பெரிய மூங்கில் கூடை. அதைப் பத்திரமாக இறக்கி வைத்த பிறகுதான் அந்த அம்மா இறங்குகிறார். வயது அறுபதை ஒட்டி இருக்கும். அழகர்கோவில் சாலையில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து வருகிறார். கூடைக்குள் அரைக்கீரை, சிறுகீரை, தண்டங்கீரை என்று நூறு கட்டுக்கு மேல் இருக்கிறது.

இந்த நூறு கட்டுக்கான வேலை நேற்று மதியம் மூன்று மணிக்கே தொடங்கிவிட்டது. வெயில் தாழ்ந்ததும் பாத்தியில் உட்கார்ந்து அரைக்கீரையைக் கிள்ள வேண்டும். சிறுகீரையை வேரோடு பிடுங்க வேண்டும். கிள்ளிய அரைக்கீரை மறுபடி துளிர்த்து வரும். பிடுங்கிய இடத்தில் புதிதாக விதை தூவியாக வேண்டும். பிறகு வேரில் ஒட்டிய மண்ணை அலசி, வாழைநாரால் கட்டி, தண்ணீர் தெளித்து அடுக்கிவிட்டுப் படுக்கும்போது மணி பத்து. எழுந்தது மூன்றரைக்கு.

"வெதைக்கிறது, தண்ணி பாய்ச்சுறதெல்லாம் வேலையாவே தெரியல. இந்தக் கட்டு கட்டுறதுதான் இடுப்பை ஒடிக்குது" என்று சிரிக்கிறார்.

விவசாயி என்றால் விளைவிப்பதோடு வேலை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் இரண்டு வேலை பார்ப்பவர்கள். பகலில் விவசாயி, விடியற்காலையில் வியாபாரி. நடுவில் தூங்குவதற்குக் கிடைப்பது ஐந்து மணி நேரம்.

உள்ளே நுழைய ஓர் அட்டை வேண்டும். புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை. நிலம் எங்கே இருக்கிறது, எவ்வளவு, அதில் என்ன பயிர் என்பதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். கத்திரிக்காய் விற்கிறேன் என்று ஒருவர் சொன்னால், வயலில் கத்திரிச் செடி நிற்கிறதா என்று அதிகாரிகள் நேரில் போய்ப் பார்ப்பதும் உண்டு. மொத்த மார்க்கெட்டில் வாங்கி வந்து 'என் தோட்டத்துக் காய்' என்று சொல்லி உட்காரும் வியாபாரிகளைத் தடுக்கத்தான் இத்தனை கெடுபிடி. அப்படியும் சிலர் நுழைந்துவிடுகிறார்கள் என்ற முணுமுணுப்பு எல்லா ஊர் உழவர் சந்தையிலும் கேட்கும்.

அட்டை இருந்தால் கடைக்கு வாடகை இல்லை. மின்னணுத் தராசும் சந்தையிலேயே கொடுப்பார்கள். வியாபாரம் முடிந்ததும் திருப்பி ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சமாசாரம், வாசலில் தொங்கும் அந்த விலைப்பலகை.

கொஞ்சம் நின்று அதைக் கவனியுங்கள். கத்திரிக்காய் இவ்வளவு, வெண்டைக்காய் இவ்வளவு, தக்காளி இவ்வளவு என்று தினமும் அழித்து எழுதுகிறார்கள். யாரோ தோன்றியபடி எழுதுவதில்லை. மொத்த மார்க்கெட்டில் அன்றைக்கு என்ன விலை போகிறது என்று அதிகாரிகள் விசாரிக்கிறார்கள். அதைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும், வெளியே கடைகளில் விற்கும் விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி விலை வைப்பதுதான் கணக்கு.

ஓர் உதாரணம். மண்டியில் ஒரு காய் கிலோ 30 ரூபாய், தெருமுனைக் கடையில் 42 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் 36 ரூபாய் இருக்கும். உங்களுக்கு ஆறு ரூபாய் மிச்சம். விவசாயிக்கு ஆறு ரூபாய் கூடுதல். உண்மையில் ஆறுக்கும் மேலே. மண்டியில் 30 ரூபாய் என்றால் கைக்கு 30 வந்து சேராது. கமிஷன், இறக்குகூலி என்று கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள்.

இதனால்தான் இங்கே பேரம் பேச வேண்டியதில்லை. பேசுகிறவர்கள் இல்லாமல் இல்லை. பலகையைப் பார்த்துவிட்டு வந்து, "என்னக்கா, ரெண்டு ரூபா கொறைங்க" என்று ஆரம்பிப்பார்கள். பேரம் பேசாமல் வாங்கினால் ஏமாந்துவிட்டதாக நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு. நடுவில் வியாபாரி இருந்தால் அவர் லாபத்தில் இரண்டு ரூபாயைக் குறைத்துக்கொள்வார். இங்கே நடுவில் யாரும் இல்லை. அந்த இரண்டு ரூபாய் நேராகச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர் மடியிலிருந்து வர வேண்டும்.

ஆறு மணிக்கெல்லாம் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. நடைப்பயிற்சி முடித்துவிட்டு அதே வேகத்தில் மஞ்சப்பையோடு வருகிறவர்கள், மகனை வண்டியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே ஓடும் அம்மாக்கள், மெஸ் நடத்துகிறவர்கள், 'சின்ன வெங்காயம் மறக்காதே' என்ற போன் செய்தியைத் திரும்பத் திரும்பப் பார்த்தபடி நடக்கும் கணவர்கள்.

வெண்டைக்காய்க் கடைக்கு முன்னால்தான் எப்போதும் ஒரு 'டிக், டிக்' சத்தம். நுனியை ஒடித்துப் பார்க்கிறார்கள். ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். பாட்டி காலத்துச் சோதனை. சோதனையில் தப்பில்லை, ஆனால் ஒடித்துப் பார்த்த காயை வாங்காமல் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள் பாருங்கள், அங்கேதான் சிக்கல். நுனி ஒடிந்த காயை அடுத்து வருகிறவர் தொடமாட்டார்.

"ஒரு கூறுக்கு ஒரு காய ஒடிங்க, வேணாங்கல. ஒரே செடியில, ஒரே நாள்ல பறிச்சது எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும்" என்கிறார் அந்தக் கடைக்காரர். மேலூர்ப் பக்கம் முக்கால் ஏக்கரில் வெண்டை போட்டிருக்கிறார். வெண்டைக்கு லீவு கிடையாது. ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். வீட்டில் கல்யாணம், காய்ச்சல் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டால் காய் நாராகிவிடும். செடியில் இருக்கும் சுணை கையெல்லாம் அரிக்கும். பழைய சட்டையின் கைப்பகுதியை வெட்டி முழங்கை வரை மாட்டிக்கொண்டு பறிக்கிறார் அவர் மனைவி. ஒரு கிலோ வெண்டைக்காயில் எத்தனை அரிப்பு இருக்கிறது என்று எந்தப் பலகையிலும் எழுத முடியாது.

பக்கத்துக் கடையில் கத்திரிக்காய். ஓட்டை விழுந்த காய்களைத் தனியாக ஒரு சாக்கில் போட்டிருக்கிறார் அந்த இளைஞர். மாட்டுக்காம். "மருந்து அடிக்கலைன்னா புழு வருது. மருந்து அடிச்சா, 'மருந்தடிச்ச காயா'ன்னு கேக்குறாங்க. மருந்தடிக்காத காய் வேணும், ஓட்டையும் இருக்கக் கூடாதுன்னா நான் என்னங்க செய்யுறது?" கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்ல வேண்டியது அவர் மட்டும் இல்லை.

அப்புறம் இந்தக் கொசுறு. இருநூறு ரூபாய்க்குக் காய் வாங்கிவிட்டு, "கொஞ்சம் கறிவேப்பிலை, மல்லி போடுங்க" என்று பையை விரிப்பது நம் பிறப்புரிமை. மளிகைக் கடையில், காய்கறிக் கடையில் அது நடக்கும். எல்லாக் காயும் விற்கும் கடைக்காரருக்கு அது கட்டுப்படியாகும். உழவர் சந்தையில் ஆளுக்கு இரண்டு மூன்று காய்தான். கத்திரிக்காய் விற்பவரிடம் கறிவேப்பிலை இருக்காது. அது வேண்டுமென்றால் நாலு கடை தள்ளி உட்கார்ந்திருக்கும் தாத்தாவிடம் போக வேண்டும். அவர் விளைவிப்பதே கறிவேப்பிலையும் மல்லியும்தான். அவரிடம் போய், "கறிவேப்பிலைக்குக் காசா?" என்று ஆச்சரியப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று அவர் கணக்கே வைத்திருக்கிறார். கோபப்படுவதில்லை. "கொசுறுன்னு யாரோ ஒருத்தர் குடுக்கிறாரே, அதையும் யாரோ ஒருத்தன் வெளையவச்சுத்தான ஆகணும், தாயி?" என்று கேட்டுவிட்டு, கூடவே இரண்டு இணுக்குச் சேர்த்துப் போடுகிறார். கொசுறுக்கே கொசுறு!

இந்த ஏற்பாடு முளைத்ததும் இதே இடத்தில்தான். 1999 நவம்பர் 14 அன்று அப்போதைய முதல்வர் மு.கருணாநிதி தமிழகத்தின் முதல் உழவர் சந்தையை மதுரை அண்ணாநகரில் திறந்து வைத்தார். பஞ்சாப், ஹரியாணா பக்கம் 'அப்னி மண்டி', ஆந்திராவில் 'ரைத்து பஜார்' என்று ஏற்கெனவே இருந்தவற்றின் உறவுமுறைதான் இது. ஒரே வருடத்தில் நூறு சந்தைகள் ஆயின. ஆரம்பத்தில் விவசாயிகளின் மூட்டைகளுக்குச் சுமைக் கட்டணம் வாங்காத பேருந்துகளும் ஓடின. பிறகு ஆட்சி மாற்றங்களோடு சில சந்தைகள் களையிழந்தன, மறுபடி எழுந்தன. மதுரைக்குள்ளேயே சொக்கிகுளம், பழங்காநத்தம் என்று வேறு சந்தைகளும் உண்டு.

பலகை இருப்பதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. தக்காளி மலிந்துபோய் மொத்த விலையே தரையைத் தொடும் நாளில், அதன்மேல் 20 சதவீதம் வைத்து என்ன ஆகப்போகிறது? பறிகூலிக்கே போதாது. அந்த நாட்களில் இந்தப் பலகையைப் பார்க்க விவசாயிகளுக்கே பிடிக்காது. ஆனாலும், பேரம் பேசி அவமானப்படுத்த முடியாத ஒரு விலை, சுண்ணாம்புக்கட்டியில் எழுதியதானாலும், தலைக்கு மேலே தொங்குகிறது. அதன் அருமை தெரிய வேண்டுமானால் வாசலைத் தாண்டி வெளியே வர வேண்டும்.

வெளியே நடைபாதையில், மதிற்சுவரை ஒட்டி, இன்னொரு சந்தை இருக்கிறது. பூக்காரர், வாழையிலைக்காரர், அம்மிக்கல் கொத்துகிறவர், விளக்குமாறு விற்கிறவர். மானாமதுரை மண்பானைகளை வைக்கோல் மேல் அடுக்கி உட்கார்ந்திருக்கிறார் ஒரு பெரியவர். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மண்பாண்டம் அது. கடம் என்றாலே மானாமதுரை என்பது கச்சேரி கேட்கிறவர்களுக்குத் தெரியும். சட்டி வாங்குகிறவர்களுக்கு அவர் சொல்லித் தரும் பாடம் சின்னது: விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், கணீர் என்றால் நன்றாக வெந்த மண், மந்தமாகக் கேட்டால் விரிசல் இருக்கலாம். வாங்கிப் போனதும் ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். பிறகு வடிகஞ்சி ஊற்றிச் சிறுதீயில் கொதிக்க விடுங்கள். அதற்கு அப்புறம் மீன் குழம்பு வைக்கலாம்.

அவருக்குப் பக்கத்தில், காலை நீட்டி உட்கார்ந்து சொளகு முடைந்துகொண்டிருக்கிறார் ஓர் அம்மா. சென்னைப் பக்கம் முறம் என்பார்கள், மதுரையில் சொளகு. பச்சை மூங்கிலைப் பிளந்து, பத்தையாக்கி, பத்தையை நாராகச் சீவி, குறுக்கும் நெடுக்கும் கோத்து முடைய வேண்டும். உள்பக்கத்து நார் சீக்கிரம் உளுத்துவிடும். மேல்தோல் பக்கத்து நார்தான் வருடக்கணக்கில் உழைக்கும். விளிம்பு கட்டுவதுதான் கடைசி வேலை, கஷ்டமான வேலையும் அதுதான். அவர் இரண்டு ஆள்காட்டி விரல்களிலும் துணி சுற்றியிருக்கிறார். நார் அறுத்துவிடும்.

"ஒரு நாளைக்கு ரெண்டு முடையலாம். மூணாவது முடைஞ்சா ராத்திரி சோறு பிசைய முடியாது" என்கிறார்.

அப்போது ஒருவர் வருகிறார். கையில் உழவர் சந்தையில் வாங்கிய காய்கள் நிறைந்த பை. உள்ளே பலகையைப் பார்த்து, பேசாமல் பணம் கொடுத்துவிட்டு வந்தவர். சொளகை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார்.

"எவ்வளவும்மா?"

"இருநூத்தம்பது, சார்."

"நூத்தம்பதுக்குத் தர்றியா?"

உள்ளே இருந்தவரை 'நீங்க' சொன்னவர், பத்தடி வெளியே வந்ததும் 'நீ'க்கு இறங்கிவிட்டார். இத்தனைக்கும் அவர் கெட்டவர் இல்லை. நம்மில் யாரும் செய்வதுதான். அந்த அம்மா தலைக்கு மேலே பலகை இல்லை. மூங்கில் என்ன விலை, முடைய எத்தனை மணி நேரம் என்று விசாரித்து எழுத ஆள் இல்லை. கடைசியில் நூற்று எண்பதுக்குக் கைமாறுகிறது. மூங்கிலுக்கு ஆன செலவு போக, அரைநாள் வேலைக்கு மிஞ்சியது என்ன என்று அவர் விரல் விட்டு எண்ணவும் இல்லை. எண்ணிப் பழக்கம் இருந்தால் எப்போதோ இந்தத் தொழிலை விட்டிருப்பார்.

விட்டவர்கள் நிறையப் பேர். சிவப்பும் பச்சையுமாகத் தொங்கும் பிளாஸ்டிக் முறம் அவர் சொளகில் பாதி விலை. பாக்கெட் அரிசியில் கல் இல்லாததால் புடைக்கும் வேலையும் வீடுகளில் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் சொளகு வாங்கி வந்ததும் பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டி, அந்தக் கூழைப் பூசிக் காயவைத்துத்தான் பயன்படுத்துவார்கள். சந்தில் மாவு தங்காது, சொளகும் நாள்பட உழைக்கும். இன்று அதைக் கேட்டால் வீட்டில் பெரியவர்கள் மட்டும், "ஆமா, எங்க அம்மா பூசுவாங்க" என்பார்கள். பொங்கலுக்கு முந்தைய பத்து நாட்கள்தான் இவருக்குத் தீபாவளி. பானைக்காரருக்கும் அப்படித்தான்.

'இவரும் உள்ளே உட்காரலாமே' என்று தோன்றும். உழவர் சந்தை அட்டை நிலத்தோடும் பயிரோடும் கட்டியது. பயிர் செய்யாதவர்களுக்கு அது கிடையாது. அந்த விதி இல்லாவிட்டால் நாளைக்கே வியாபாரிகள் உள்ளே வந்துவிடுவார்கள், அதுவும் உண்மை. மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குச் சில சந்தைகளில் இடம் உண்டு. பொடி, வடகம், சிறுதானிய மாவு விற்கிறார்கள். தனி ஆளாகச் சொளகு முடைகிறவர் எந்தக் குழுவிலும் இல்லை. கைவினைஞர்களுக்குத் திட்டம் இல்லாமலும் இல்லை. 2023-இல் மத்திய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் கூடை, பாய், துடைப்பம் செய்வதும், மண்பாண்டமும் இருக்கின்றன. தமிழக அரசு தனியாகக் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டிலும் பெரிதாகப் பேசப்படுவது கடன்.

"கடன் வாங்கி? கூட நாலு மூங்கில் வாங்கலாம். உக்கார எடம்?" என்கிறார் அவர். மழை வந்தால் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட வேண்டியதுதான். மூங்கில் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். நடைபாதையைக் காலி செய்யச் சொல்லும் நாளில் அன்றைய பிழைப்பும் காலி. அவர் கேட்பது ஆறடி நிழல். வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதிற்சுவருக்கு உட்பக்கமாக.

விலைப்பலகை கேட்கவில்லையா? அந்தக் கேள்விக்கு அவர் கொஞ்சம் யோசிக்கிறார். "சொளகுக்கெல்லாம் யாரு எழுதுவா?"

மணி பத்தரை. வெயில் ஏறிவிட்டது. இதுதான் உள்ளே இருப்பவர்களுக்குச் சோதனையான நேரம். வெங்காயம், தேங்காய், சேனை வைத்திருப்பவர்கள் நிதானமாக இருக்கிறார்கள். இன்று விற்காவிட்டால் நாளை. கீரைக்கு நாளை கிடையாது. ஆறு மணிக்கு நிமிர்ந்து நின்ற கட்டு இப்போது தலை தொங்கிவிட்டது. தண்ணீர் தெளித்துத் தெளித்துத்தான் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். "இனிமே வர்றவங்க எல்லாம் பாதி விலைக்குக் கேப்பாங்க" என்றபடி எழுந்து முதுகை நிமிர்த்துகிறார் காலையில் பார்த்த கீரைக்கார அம்மா. மிச்சம் பதினோரு கட்டு. இரண்டை ஒரு மெஸ்காரர் எடுத்துக்கொள்கிறார். தராசுக் கடைகளெல்லாம் ஒப்படைக்கும் வரிசையில் நிற்க, இவர் வெற்றுக் கூடையில் மிச்சக் கட்டுகளைப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறார். கூடையின் விளிம்பில் நார் விட்டுப்போய் ஒரு பக்கம் தொங்குகிறது. காலையில் வேனிலிருந்து இறக்கும்போது இடித்ததாம்.

நேராகச் சொளகுக்கார அம்மாவிடம் போகிறார்.

"மதினி, இதப் பாரேன்."

அவர் கூடையை வாங்கி மடியில் கவிழ்த்துக்கொள்கிறார். இந்தக் கூடையும் அவர் முடைந்ததுதான், மூன்று வருடமாகிறது. ஒரு நாரை எடுத்து வாயில் வைத்து ஈரப்படுத்தி, விளிம்பைச் சுற்றி நாலு இழுப்பு. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. கீரைக்கார அம்மா மூன்று கட்டு அரைக்கீரையை எடுத்துச் சாக்கின்மேல் வைக்கிறார். இரண்டு பேரும் காசைப் பற்றிப் பேசவில்லை.

"ஐப்பசிக்குள்ள பெரிய கூடை ஒண்ணு வேணும் மதினி. இது தாங்காது. எவ்வளவு ஆகும்?"

"மூங்கி வெலை ஏறிப்போச்சு. அறுநூறு ஆகும்."

கீரைக்கார அம்மா மறுபேச்சுப் பேசாமல் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, ஈரமான நூறு ரூபாய் நோட்டுகள் இரண்டைப் பிரித்து முன்பணமாக நீட்டுகிறார். மினி வேன்காரர் ஹாரன் அடிக்கிறார்.